பழைய டிசைனர் ப்ரூச்சை ஏலத்தில் எடுக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நகை ஏலப் பட்டியல் ஒன்று வெளியானால் போதும், அதில் ஒரு ப்ரூச்சைச் சுட்டிக்காட்டி யாராவது கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே தொகுத்துவிட்டேன். மோதிரம், நெக்லஸ் எல்லாம் இங்கே வராது. பெயர்பெற்ற வடிவமைப்பாளரோ நகை நிறுவனமோ செய்த, கல் பதித்த பழைய ப்ரூச் மட்டும்தான்.

ப்ரூச், பின், கிளிப் எல்லாம் ஒன்றுதானே?

பின்பக்கம் ஊசி இருந்து, துணியைக் குத்தி மாட்டினால் அது ப்ரூச். அதையே பின் என்றும் சொல்வார்கள். கிளிப் துணியைக் கவ்விப் பிடிக்கும். ஸ்பிரிங் வைத்த தட்டோ, மடங்கும் இரண்டு முள்ளோ இருக்கும். கார்டியர் நிறுவனம் 1927-இல் ஒரு கிளிப்புக்குக் காப்புரிமை வாங்கியது. 1930-களில் ஜோடி கிளிப்புகள் பெரிய மோஸ்தர். இரண்டையும் ஒரு சட்டத்தில் பொருத்தினால் ஒரே ப்ரூச்; கழற்றினால் கழுத்துப்பட்டியின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று.

ஜோடி கிளிப் ஏலத்துக்கு வந்தால், அந்தச் சட்டமும் கூட வருகிறதா என்று கேளுங்கள். தொலைந்துபோவது அதுதான். சொத்துப் பிரித்தபோது ஆளுக்கொன்றாகப் போய், ஒற்றையாக வரும் கிளிப்புகளும் உண்டு. ஜோடியின் விலையில் பாதிகூட அதற்குக் கிடைக்காது.

விண்டேஜ் என்றால் எத்தனை வருஷம் பழசு?

கறாரான விதி ஒன்றும் இல்லை. நூறு வருஷம் தாண்டியது ஆன்டிக், அதற்குக் குறைவாக, ஆனால் இருபது முப்பது வருஷமாவது ஆனது விண்டேஜ் என்பது வழக்கம். பட்டியலில் ஆண்டுக்கு முன்னால் ‘ஏறத்தாழ’ என்று இருந்தால் அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் சில வருஷம் தள்ளிப் பார்க்க வேண்டும்.

உலோகத்தைப் பார்த்தே ஓரளவு காலத்தைச் சொல்லிவிடலாம். 1920-கள், 30-களின் நகை என்றால் பெரும்பாலும் பிளாட்டினமும் வைரமும், கோடு போட்ட மாதிரி நேரான வடிவங்களும். இரண்டாம் உலகப்போர் வந்ததும் பிளாட்டினம் ராணுவத் தேவைக்குப் போய்விட்டது. 1940-களின் ப்ரூச்சுகள் மஞ்சள் தங்கத்திலும் சிவப்புச் சாயல் தங்கத்திலும் பெரிது பெரிதாக வருவது அதனால்தான். 1960-களில் சொரசொரப்பான, மரப்பட்டை போலச் செதுக்கிய தங்கம் பிரபலமானது.

கல் விலையும் தங்க விலையும் கூட்டிப் பார்த்தேன். அதைவிடப் பல மடங்கு கேட்கிறார்களே, ஏன்?

கூட்டல் சரிதான். ஆனால் ஏலத்துக்கு வந்திருப்பது எடைபோட்டு விற்கும் சரக்கு இல்லை. 1940-இல் வின்ட்சர் கோமகளுக்காக (பிரிட்டன் மன்னர் எட்டாம் எட்வர்ட் முடிதுறந்து மணந்த வாலிஸ் சிம்ப்சன்) கார்டியர் செய்த ஃபிளமிங்கோ ப்ரூச்சை எடுத்துக்கொள்ளுங்கள். அவரிடம் ஏற்கெனவே இருந்த நெக்லஸ், கைவளைகளில் இருந்து கழற்றிய மாணிக்கம், மரகதம், நீலக்கற்களை வைத்தே அதன் இறகுகளைச் செய்தார்கள். அதே கற்கள்தான், பழைய வளையலிலும் இருந்தவை. அவை ஒற்றைக்காலில் நிற்கும் பறவையான பிறகு, 2010-இல் லண்டன் சாத்பீஸ் ஏலத்தில் 17 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது.

சில நேரம் விலை வேலைப்பாட்டில் இருக்கும். வான் கிளீஃப் அண்ட் ஆர்பெல்ஸ் 1933-இல் காப்புரிமை பெற்ற ‘மர்மப் பதிப்பு’ முறையில் கல்லைப் பிடிக்கும் நகம் ஒன்றுகூட முன்பக்கம் தெரியாது. ஒவ்வொரு மாணிக்கத்தின் பக்கவாட்டிலும் மெல்லிய பள்ளம் அறுத்து, முடி கனத்தில் இருக்கும் தங்கத் தண்டவாளத்தில் வரிசையாகச் செருகுவார்கள். அறுக்கும்போதே உடைந்துபோகும் கற்கள் எத்தனையோ. பூவிதழ் முழுக்கச் சிவப்பு வெல்வெட் விரித்த மாதிரி இருக்கும். கோணத்தை மாற்றிப் பார்த்தாலும் நடுவில் தங்கம் தெரியாது.

மூன்றாவது, வடிவமைப்பாளரின் பெயர். ஜான் ஷ்லும்பெர்ஜே டிஃபனிக்காக வரைந்த ‘பாறைமேல் பறவை’ ப்ரூச்சில் கீழே இருக்கும் பெரிய கல் பல சமயம் செவ்வந்திக்கல், சிட்ரின் போன்ற மலிவான கல்தான். வாங்குகிறவர் காசு கொடுப்பது மேலே உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்னப் பறவைக்கு.

பின்னால் கம்பெனி பெயர் பொறித்திருக்கிறது. அப்போ அசல்தானே?

இல்லை. இதை மட்டும் நம்பி ஏமாந்தவர்கள்தான் அதிகம். முழுக்கப் போலியாகச் செய்வதைவிட, அந்தக் காலத்திலேயே பெயரில்லாத ஒரு பட்டறையில் செய்த நல்ல ப்ரூச்சை எடுத்து, அதில் பெரிய பெயரைப் பொறித்துவிடுவது சுலபம். கல் அசல், பிளாட்டினம் அசல், காலமும் சரி. பெயர் மட்டும் பொய்.

பெயரோடு வேறு என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். பாரிஸில் செய்ததானால் 18 கேரட் தங்கத்துக்குக் கழுகுத் தலை முத்திரையும், 1912-க்குப் பிறகான பிளாட்டினத்துக்கு நாய்த் தலை முத்திரையும் இருக்கும். செய்த பட்டறையின் முத்திரை சாய்சதுரக் கட்டத்துக்குள் இருக்கும். நிறுவனத்தின் வரிசை எண்ணும் இருந்தால் அதை அவர்களுடைய ஆவணத்தோடு ஒப்பிடலாம். பொறித்த பெயரைச் சுற்றி மட்டும் மெருகு புதிதாக இருந்தாலோ, எண்பது வருஷத் தேய்மானம் மற்ற இடமெல்லாம் தெரிய எழுத்து மட்டும் கூர்மையாக இருந்தாலோ உஷாராகிவிடுங்கள்.

பெயரே இல்லாத ப்ரூச்சைப் போய் பெரிய டிசைனர் செய்தது என்கிறார்களே?

அதுவும் நடக்கிற விஷயம்தான். பாரிஸ் நகை வடிவமைப்பாளர் சுசான் பெல்பெரோன் தன் நகைகளில் பெயர் பொறித்ததே இல்லை. தன் பாணியே தன் கையெழுத்து என்று சொல்லிவிட்டார். அவருடைய வடிவங்களைச் செய்த குரோனே எ டார்ட் பட்டறையின் முத்திரைதான் தடயம். ரெனே புவாவேன் நிறுவனத்தின் நகைகளும் பெரும்பாலும் பெயரில்லாமலே வந்தன. விரல் போல மடங்கும் கால்களோடு மாணிக்கமும் செவ்வந்திக்கல்லும் பதித்த அவர்களுடைய நட்சத்திரமீன் ப்ரூச், பெயர் இல்லாமலே அடையாளம் தெரியும் நகை.

ஆனால் பெயர் இல்லாத நகைக்கு ஒருவர் பெயர் சூட்டும்போது ஆதாரம் கேட்பது உங்கள் உரிமை. வடிவப் படம், பழைய ரசீது, பட்டறை முத்திரை, ஆவணக் காப்பகத்தின் கடிதம், இதில் ஏதாவது ஒன்றாவது இருக்க வேண்டும். ‘பார்த்தாலே தெரியும்’ என்பது ஆதாரம் ஆகாது.

ஒரே நிறுவனத்தின் பெயரை ஒவ்வொரு லாட்டிலும் (பட்டியலில் தனி எண்ணோடு வரும் பொருள்) ஒவ்வொரு மாதிரி போடுகிறார்கள். என்ன வித்தியாசம்?

பட்டியலின் கடைசியில் பொடி எழுத்தில் ஒரு விளக்கப் பகுதி இருக்கும். யாரும் படிப்பதில்லை, அதில்தான் எல்லாம் இருக்கிறது. தலைப்பிலேயே நிறுவனத்தின் பெயர் இருந்தால், அவர்கள் செய்தது என்பதற்கு ஏல நிறுவனம் பொறுப்பேற்கிறது. ‘எனக் கருதப்படுகிறது’ என்றால் அவர்களுடைய ஊகம். ‘பாணி’ என்றால் அந்த நிறுவனத்துக்கும் நகைக்கும் சம்பந்தமே இல்லை.

இதில் சூட்சுமமான ஒன்று உண்டு. ஆங்கிலப் பட்டியல்களில் ‘மவுண்டட் பை’ என்று இருந்தால், வாடிக்கையாளர் கொடுத்த கற்களை வைத்து அந்த நிறுவனம் கட்டிக்கொடுத்தது என்று பொருள் கொள்வது வழக்கம். ‘மவுண்ட் பை’ என்று இருந்தால் சட்டம் மட்டும் அவர்களுடையது, கற்கள் பிற்பாடு மாறியிருக்கலாம் என்று சில நிறுவனங்கள் பொருள் கொள்கின்றன; எதற்கும் அந்த விளக்கப் பகுதியைப் பாருங்கள். முதலாவது பெரிய குறையே இல்லை; ஃபிளமிங்கோ அப்படி வந்ததுதான். இரண்டாவதில் விலை இறங்க வேண்டும்.

போட்டோ பிரமாதமாக இருக்கிறது. இன்னும் என்ன படம் கேட்பது?

பின்பக்கம். முதலில் அது, இரண்டாவதும் அது. முன்பக்கத்தைப் பட்டியல்காரர்களே அழகாக எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

நல்ல பட்டறையில் செய்த ப்ரூச்சைத் திருப்பினால் பின்பக்கமும் முன்பக்கம் அளவுக்குச் சுத்தமாக இருக்கும். ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால் வெளிச்சம் வர ஒரு துளை, துளையின் உள்விளிம்பு வரை மெருகு. ஊசி நடுக்கோட்டுக்குச் சற்று மேலே இருக்கும். அப்போதுதான் சட்டையில் குத்தினால் நகை முன்னால் கவிழாது. கனமான நகை என்றால் இரண்டு ஊசி. ஊசியின் கீல் ஆட்டம் காணாமல், மூடும்போது லேசான இழுவிசையோடு கொக்கியில் போய் உட்காரும்.

அடுத்து, கீலும் கொக்கியும் உடலோடு சேரும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தங்கத்தின்மேல் மங்கிய சாம்பல் நிறத்தில் ஏதாவது வழிந்து உறைந்திருந்தால் அது ஈயப்பற்று. நெருப்புக் காட்டினால் கல் போய்விடுமோ என்று பயந்து யாரோ மலிவாகச் செய்த பழுது. அது தங்கத்தை அரிக்கும், சுரண்டி எடுப்பதும் கஷ்டம். பெரிய பெயர் உள்ள ப்ரூச்சில் இதைப் பார்த்தால் என் மனம் அங்கேயே விட்டுப்போகும். கொக்கி மாறியிருப்பது அவ்வளவு பெரிய குறை இல்லை. உருண்டு பூட்டும் கொக்கி வருவதற்கு முன்பு வெறும் வளைந்த கொக்கிதான் இருந்தது, பயந்து மாற்றியவர்கள் நிறைய.

பென்டென்ட்டாகவும் போட வளையம் இருக்கிறது. பிற்பாடு ஒட்டவைத்ததா?

இரண்டு விதமும் உண்டு. செய்யும்போதே ப்ரூச்சாகவும் பென்டென்ட்டாகவும் போடத் திட்டமிட்டிருந்தால், வளையம் உள்ளே மடங்கும் அல்லது ஊசிப்பகுதியே திருகாணியோடு தனியாகக் கழலும். அசல் பெட்டியில் அந்தத் திருகாணிக்கும் குட்டித் திருப்புளிக்கும் தனிப் பள்ளம் இருக்கும். பெட்டி இருந்தால் பள்ளத்தையும் நகையையும் பொருத்திப் பாருங்கள்; இடம் இறுக்கமாகப் பொருந்த வேண்டும்.

உடைந்த கிரீடத்தில் இருந்தோ நெக்லஸின் நடுப்பகுதியில் இருந்தோ ப்ரூச் ஆனது வேறு கதை. ஓரத்தில் அரமிட்டு மழுக்கிய இடங்கள், காரணமில்லாத துளைகள் காட்டிக்கொடுத்துவிடும். அழகு குறையாது, விலை குறையும். பட்டியலில் சொல்லியிருந்தால் நேர்மையான விற்பனை.

அந்தக் காலத்து நகை, அப்போ கல்லெல்லாம் இயற்கையானதுதானே?

இது மிகப் பரவலான தப்பு நம்பிக்கை. பிரெஞ்சு வேதியியலாளர் ஓகஸ்ட் வெர்னூய் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை 1902-இல் அறிவித்தார். அடுத்த சில ஆண்டுகளில் அது சந்தையில் கொட்டிக் கிடந்தது. அளவெடுத்து வெட்டிய சின்னச்சின்னச் சிவப்புக் கற்களை வரிசையாக வைக்கும் 1920-களின், 40-களின் ப்ரூச்சுகளில் செயற்கை மாணிக்கம் சர்வசாதாரணம். நிறம் ஒரே சீராக வேண்டும் என்பதற்காக நல்ல பட்டறைகளே பயன்படுத்தின. ஏமாற்று என்று சொல்ல முடியாது, ஆனால் விலை வேறு.

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பில், இந்த முறையில் செய்த கல்லுக்குள் வளைந்த வரிகளும் சில சமயம் குட்டிக் காற்றுக்குமிழிகளும் தெரியும். இயற்கைக் கல்லில் வளர்ச்சிக் கோடுகள் நேராகவும் கோணம் மடங்கியும் போகும்.

வைரத்திலும் ஒரு சோதனை இருக்கிறது. பழைய ஐரோப்பியப் பட்டை (அந்தக் காலத்தில் வட்டமாகத் தீட்டிய முறை) வைரத்தை நேர் மேலிருந்து பார்த்தால் நடுவில் அடிமுனையை மழுக்கிய இடம் ஒரு சின்ன வட்டமாகத் தெரியும். சுற்றிலும் அப்படி இருக்க, ஒரே ஒரு கல்லில் மட்டும் வட்டம் இல்லை என்றால் அது பிற்பாடு வந்து சேர்ந்த நவீனப் பட்டை.

லேப் சான்றிதழ் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

சான்றிதழ் கல்லைப் பற்றிப் பேசும். ப்ரூச்சை யார் செய்தார்கள் என்பது அதன் வேலையே இல்லை. ஜிஐஏ, எஸ்எஸ்இஎஃப், கியூபெலின் போன்ற ஆய்வகங்கள் கல் இயற்கையா, சூடேற்றியதா, மரகதத்தில் எண்ணெய் எவ்வளவு, எந்த நிலப்பகுதியில் கிடைத்ததாகத் தெரிகிறது என்று சொல்லும். காஷ்மீர் நீலக்கல், பர்மா மாணிக்கம் என்றால் அந்த ஒரு வரியே விலையைப் பல மடங்காக்கும்.

கவனிக்க வேண்டியது தேதி. மரகதத்தில் எண்ணெய் காலப்போக்கில் வற்றும், மறுபடியும் நிரப்புவார்கள். பத்து வருஷம் முந்தைய சான்றிதழ் இன்றைய கல்லைச் சொல்லாது. நகையில் பதித்தபடியே சோதித்திருந்தால் காரட் எடை பெரும்பாலும் அளவெடுத்துப் போட்ட கணக்கு. இன்னொன்று, பெரிய கல்லுக்கு மட்டும் சான்றிதழ் எடுத்திருப்பார்கள். ஓரத்து மாணிக்கங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாவிட்டால், போன கேள்வியை நினைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்டிமேட் 8,000–12,000 டாலர் என்று இருக்கிறது. கையில் 10,000 இருந்தால் போதுமா?

போதாது. எஸ்டிமேட் என்பது சுத்தியல் தட்டும் விலைக்கான கணிப்பு. அதற்குமேல் ஏல நிறுவனத்தின் கமிஷனை வாங்குகிறவர் கொடுக்க வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் விகிதம் மாறும். நான்கில் ஒரு பங்கை ஒட்டி வருவது சாதாரணம். 26 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 10,000-க்குத் தட்டிய ப்ரூச் 12,600 ஆகிறது. அப்புறம் வரி, அனுப்பும் செலவு, காப்பீடு, வெளிநாடு என்றால் சுங்கம்.

ஆகவே பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். மொத்தம் 10,000-க்குமேல் முடியாது என்றால் ஏலத்தில் நீங்கள் நிறுத்த வேண்டிய இடம் 7,500 பக்கம். ஏலம் முடிந்து வெளியிடும் விலைகளில் பெரும்பாலும் கமிஷன் சேர்ந்திருக்கும், எஸ்டிமேட்டில் சேர்ந்திருக்காது. இரண்டையும் அப்படியே ஒப்பிட்டு ‘எஸ்டிமேட்டைத் தாண்டிவிட்டது’ என்று செய்தி போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ரிசர்வ் விலை எவ்வளவு என்று கேட்டால் சொல்வார்களா?

மாட்டார்கள். ரிசர்வ் என்பது இதற்குக் கீழே தரமாட்டேன் என்று விற்பவர் வைக்கும் விலை. ஆனால் அது எஸ்டிமேட்டின் கீழ் எண்ணைத் தாண்டாது என்பது பொதுவான வழக்கம்.

யாருமே கை தூக்கவில்லை, ஆனால் விலை ஏறிக்கொண்டே போகிறது. இது செட்டப்பா?

ரிசர்வை எட்டும்வரை விற்பவர் சார்பில் ஏலம் நடத்துகிறவரே கேட்டுக்கொண்டு போகலாம் என்று விதிமுறையில் எழுதியிருப்பார்கள். பல நாடுகளில் அது முறையானதுதான். ரிசர்வைத் தாண்டிய பிறகும் அப்படிச் செய்வதுதான் மோசடி. இப்போது பாதிப்பேர் போனிலும் இணையத்திலும் கேட்பதால், கூடத்தில் கை தெரியவில்லை என்பது எதையும் காட்டாது.

பிரபலம் போட்டிருந்தது என்கிறார்கள். அதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

கொடுக்கிறார்கள், அதுவும் தாராளமாக. 2011 டிசம்பரில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஹாலிவுட் நடிகை எலிசபெத் டெய்லரின் நகைகள் வந்தன. நடிகர் ரிச்சர்ட் பர்ட்டன் கொடுத்த புல்காரி மரகத ப்ரூச் 65 லட்சம் டாலரைத் தாண்டியது. எஸ்டிமேட்டின் மேல் எண் 7 லட்சம். நல்ல மரகதம்தான், ஆனால் அந்த வித்தியாசத்தை மரகதம் மட்டும் விளக்காது.

அதே ஏலத்தில் வேல்ஸ் இளவரசர் சின்னமான மூன்று இறகு வடிவ வைர ப்ரூச்சும் இருந்தது. வின்ட்சர் கோமகளின் நகைகள் 1987-இல் ஜெனீவாவில் ஏலம் போனபோது டெய்லர் அதைப் போனில் கேட்டு வாங்கினார். 2011-இல் 13 லட்சம் டாலருக்கு மேல் போனது, அவர் கொடுத்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டு பிரபலங்களின் பெயரும், இரண்டு ஏலப் பட்டியல்களின் ஆதாரமும் அதற்கு இருந்தன. உங்கள் ப்ரூச்சுக்கு இருப்பது ‘குடும்பத்தில் சொல்லக் கேள்வி’ மட்டும் என்றால் அதற்கு ஒரு டாலரும் கூட்ட வேண்டாம். அதே ப்ரூச்தான் என்று பொருத்திப் பார்க்கும்படியான புகைப்படம், ரசீது, பழைய பட்டியல் இருந்தால் பேசலாம்.

எனாமல் கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது. மலிவாக எடுத்துச் சரிசெய்துவிடலாமா?

யோசியுங்கள். எனாமல் என்பது சூளையில் உருகி ஒட்டிய கண்ணாடி. முறையாகத் திரும்பப் போட வேண்டுமானால் கற்களைக் கழற்றி மறுபடி சூடேற்ற வேண்டும். பக்கத்தில் நன்றாக இருக்கும் எனாமலும் வெடிக்கலாம். அதனால்தான் பலரும் பிசினைப் பூசிச் சமாளிக்கிறார்கள். கொஞ்ச நாளில் அது மஞ்சளிக்கும். மர்மப் பதிப்பில் ஒரு கல் போயிருந்தால் இன்னும் சிக்கல், தண்டவாளத்தில் அந்த வரிசையையே உருவ வேண்டி வரும்.

விழுந்தது ஒரு சின்ன வைரம் என்றால் பயமில்லை. அதே காலத்துப் பட்டையில் கல் தேடிப் போடச் சொல்லுங்கள்.

கண்ணாடிக் கல் வைத்த ப்ரூச்சைக்கூட டிசைனர் என்று ஏலத்தில் விடுகிறார்களே?

விலையுயர்ந்த கல்லும் தங்கமும் இல்லாமல் செய்யும் காஸ்ட்யூம் நகைக்கும் சேகரிப்பாளர்கள் உண்டு. அமெரிக்காவின் டிரிஃபாரி நிறுவனத்தில் 1930-இல் சேர்ந்த ஆல்ஃபிரட் பிலிப் வரைந்த கிரீட ப்ரூச்சுகள், மிரியம் ஹாஸ்கலின் முத்து வேலைகள் எல்லாம் அந்த வகை. ஹாஸ்கல் நகைகள் 1940-களின் பிற்பகுதிவரை பெரும்பாலும் பெயரில்லாமல்தான் வந்தன.

டிரிஃபாரியில் காலத்தைப் பிடிக்க ஒரு வழி: 1955-இல் ஒரு வழக்கில் நகை வடிவத்துக்குப் பதிப்புரிமை உண்டு என்று அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வட்டத்துக்குள் ‘சி’ குறி பெயருக்குப் பக்கத்தில் இருந்தால், அதை ஒட்டியோ அதற்குப் பிறகோ வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். அடியில் வெள்ளி என்று முத்திரை இருந்தால் போர்க்காலமாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது மலிவு உலோகங்களுக்குக் கட்டுப்பாடு.

ப்ரூச்சில் பவளமும் ஆமை ஓடும் இருக்கிறது. வெளிநாட்டில் இருந்து வரவழைக்கலாமா?

ஏலத்தில் கேட்பதற்கு முன்பே விசாரியுங்கள். கடலாமை ஓடு, தந்தம் இரண்டும் அழிந்துவரும் உயிரினங்களுக்கான சைட்டஸ் ஒப்பந்தத்தின் கடுமையான பட்டியலில் இருப்பவை. சில பவள இனங்களுக்கும் ஆவணம் தேவை. அனுமதி கிடைக்கவில்லை என்பதற்காக ஏல நிறுவனம் பணத்தைத் திருப்பித் தராது. விதிமுறையில் அதையும் எழுதியிருப்பார்கள்.

வாங்கிய பிறகு போலி என்று தெரிந்தால் பணம் வருமா?

எது போலி என்பதைப் பொறுத்தது. தலைப்பில் சொன்ன நிறுவனம் செய்ததே இல்லை என்று நிரூபித்தால், பெரிய ஏல நிறுவனங்கள் ஐந்து ஆண்டுவரை பணத்தைத் திருப்பித் தரும் உத்தரவாதம் வைத்திருக்கின்றன. ‘எனக் கருதப்படுகிறது’ என்று போட்டிருந்தால் அந்த உத்தரவாதம் கிடையாது. பட்டியல் வார்த்தைகளைப் பற்றி அவ்வளவு சொன்னது இதற்காகத்தான். நிலைமை பற்றிய புகார், ஈயப்பற்று, மாற்றிய ஊசி, இவையெல்லாம் பார்த்து வாங்குகிறவர் பாடு. சிறு கற்கள் சூடேற்றியவை என்பதையும் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள்.

ஏலத்தில் போகாமல் நின்றுவிட்ட ப்ரூச்சை அப்புறம் கேட்டு வாங்கலாமா?

தாராளமாக. ரிசர்வை எட்டாமல் நின்ற லாட்டுக்கு மறுநாளே நிறுவனத்துக்கு எழுதி ஒரு விலை சொல்லலாம். விற்பவருக்கும் நகை திரும்ப வருவதில் விருப்பம் இருக்காது. ஒருமுறை போகாத நகை அடுத்த ஏலத்தில் குறைந்த எஸ்டிமேட்டோடுதான் வரும் என்பது அவருக்கும் தெரியும். கமிஷன் இங்கேயும் உண்டு.

ஆனால் ஏன் போகவில்லை என்று முதலில் கண்டுபிடியுங்கள். எஸ்டிமேட் அதிகம் என்பதால் நின்றது நல்ல வாய்ப்பு. நேரில் வந்து பார்த்த வியாபாரிகள் அத்தனை பேரும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துப் போனார்கள் என்றால், கண்டிஷன் ரிப்போர்ட்டை (நகையின் நிலைமை பற்றிய அறிக்கை) கேட்டு வாங்கி, கீல் பகுதியின் படத்தையும் அனுப்பச் சொல்லி, அதைப் பார்த்த பிறகு விலை சொல்லுங்கள்.